ஆவியும் அளவும்

சென்ற பனிக்காலத்தில் என் கைக்கு வந்த உறையில் ஆறு நிழற்படங்கள் இருந்தன. நான்காவது படத்தைப் பார்த்துவிட்டு, கூடவே வந்த நோட்டுப் புத்தகத்தில், ‘கல்லாறுக்கு எப்போது போனீர்கள்?’ என்று எழுதினேன். நண்பர் கல்லாறுக்குப் போகவில்லை. அது அவருடைய வீட்டு மாடியில், இரண்டரை மீட்டர் நீளமுள்ள பலகையின் மேல், அவரே செய்த மலை ரயில். பாக்குத் தோப்பு, பல்சட்டம் தொடங்கும் இடம், நீலப் பெட்டிகள், பின்னாலிருந்து தள்ளும் எஞ்சின், அதன் வலப்பக்கம் முழுவதையும் அணைத்துக்கொண்டு எழும் வெண்புகை. வட்டத்தில் இருக்கும் ஐந்து பேரில் நான்கு பேர் ஏமாந்தோம். ஐந்தாமவர் படத்தை எடுத்தவர்.

இந்தக் கட்டுரை அந்த ஏமாற்றத்தைப் பற்றியது. ஏமாற்ற முடிந்தது ஒரு படைப்பின் வெற்றியா என்ற பழைய கேள்வியை இந்த உறை என்னிடம் மறுபடியும் கொண்டுவந்தது. இலக்கியப் பத்திரிகையில் பொம்மை ரயிலுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் கடைசிவரை படித்துவிட்டுக் கேட்கலாம்.

நான் மாதிரி ரயில் செய்பவனல்ல. நான் இருக்கும் தேவனூர் நாட்டில் ரயில் என்பதே இல்லை. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏற எழுபது கொண்டை ஊசி வளைவுகள். கீழே நாமக்கல்லுக்கே 2013இல்தான் ரயில் வந்தது. இந்த வட்டத்தில் நான் சேர்ந்தது செடிகொடிகளால். காய்ந்த சாமைக் கதிரும் பாறைப் பாசியும் 87இல் ஒரு பங்காகச் சுருங்கிய உலகத்தில் மரங்களாகிவிடுகின்றன. நண்பர் கேட்க, நான் அனுப்பினேன். நான்காவது படத்தில் நான் பாக்குத் தோப்பு என்று நம்பியதில் ஒரு பகுதி என் கையால் பறித்து அனுப்பியது. தான் அனுப்பிய புல்லையே அடையாளம் தெரியாமல் போனவன் விமர்சனம் எழுதுகிறான் என்பதையும் வாசகர் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஏற்பாடு எளிமையானது. ஓர் உறை ஐவரிடையே சுற்றுகிறது. ஒவ்வொருவரும் தம் பழைய படங்களை எடுத்துவிட்டு, புதிதாக ஆறுக்கு மேற்படாமல் வைக்கலாம். மற்றவர் படங்களைப் பற்றி நோட்டுப் புத்தகத்தில் எழுதியாக வேண்டும். எழுதாமல் அனுப்பக் கூடாது என்பது ஒன்றே விதி. கைபேசியில் ஒரு நொடியில் அனுப்பிவிடலாமே என்றேன். ‘அப்படி அனுப்பினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள்’ என்றார் நண்பர். இந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

அந்த நோட்டுப் புத்தகம் நம் சிற்றேடுகளில் பல ஆண்டுகளாக நான் காணாத ஒரு காரியத்தைச் செய்கிறது. அங்கே யாரும் யாருக்கும் முன்னுரை எழுதுவதில்லை. ‘அருமை’ என்ற சொல் மூன்று வருஷப் பக்கங்களில் ஒரே ஒரு முறை வருகிறது, அதுவும் ஒரு பசையைப் பற்றி. ஒருவர் நீலகிரி ரயிலை மலை ஏறுவதாகக் காட்டி எஞ்சினை முன்னால் மாட்டியிருந்தார். அடுத்தவர் எழுதினார்: ‘மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது. ஏனென்று யோசித்துவிட்டு மறுபடி எடுங்கள்.’ ஏன் என்பதையும் அவர் சொல்லவில்லை. பன்னிரண்டரை அடி போனால் ஓரடி உயரும் சரிவில் ஒரு பெட்டி கழன்றால், கீழே எஞ்சின் இருந்தால்தான் அது நிற்கும். அந்த எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். இரண்டு, தண்டவாளத்தின் மேல் உருளும் சக்கரங்களுக்கு. அவற்றில் வேலை செய்து முடித்த ஆவியே மற்ற இரண்டுக்கும் போய், நடுவிலுள்ள பல்சட்டத்தைக் கவ்வும் பல்சக்கரங்களைச் சுற்றுகிறது. கீழ்த் தண்டுகள் ஒரு திசையிலும் மேல் தண்டுகள் எதிர்த் திசையிலும் சுழலும். ‘உங்கள் படத்தில் இரண்டும் ஒரே திசையில் போகிற மாதிரி நிற்கின்றன’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். நின்றுபோன படத்தில் இயக்கத்தின் திசையைக் காண்கிற கண்ணை நம் கவிதை விமர்சகர்களில் எத்தனை பேரிடம் காட்ட முடியும்?

ஆனால் கறாராக இருப்பது வேறு, சரியான அளவுகோல் வைத்திருப்பது வேறு. அந்த வட்டத்தின் அளவுகோல் ஒன்றே: எவ்வளவு அசல் மாதிரி இருக்கிறது. இந்த அளவுகோல்தான் நான்காவது படத்தில் உச்சத்தை அடைந்தது. அங்கேதான் எனக்கு அதன் மேல் சந்தேகமும் வந்தது.

மாதிரி என்பது அளவைக் குறைத்தால் வந்துவிடுவதல்ல. நீளம் 87இல் ஒன்றாகும்போது கன அளவு 658503இல் ஒன்றாகிவிடுகிறது. ஐம்பது டன் எஞ்சினைச் சகல அம்சங்களிலும் ஒழுங்காகச் சுருக்கினால் 76 கிராம் வரும், ஒரு சின்னக் கொய்யாப்பழம். அது தண்டவாளத்தைப் பிடித்து இழுக்காது. அதனால் உள்ளே ஈயம் வைத்துக் கனம் சேர்க்கிறார்கள். தண்ணீர் சுருங்க மறுக்கிறது. ஒரு துளி எங்கேயும் ஒரு துளிதான். காலமும் சுருங்க மறுக்கிறது. மாதிரிப் பாலத்திலிருந்து விழும் பெட்டி கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். அது அசல் மாதிரி விழ வேண்டுமானால் படம் பிடித்து ஒன்பது மடங்குக்கும் மேல் மெதுவாக ஓட்ட வேண்டும். எல்லாவற்றையும்விட ஆவி. மின்சாரத்தில் ஓடும் மாதிரி எஞ்சினின் புகைபோக்கிக்குள் சிறு கம்பிச்சுருள் எண்ணெயைச் சூடாக்கிப் புகை விடும். அந்தப் புகை ஊதுவத்திப் புகை மாதிரித் தயங்கித் தயங்கி வரும். பாய்லரின் மூச்சு அதில் இல்லை. ஓடவிட்டால் இரண்டு நிமிஷத்தில் குட்டு உடைந்துவிடும்.

ஆகவேதான் இவர்கள் நிழற்படத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. காலத்தை நிறுத்திவிட்டால் மாதிரியின் பெரிய பலவீனம் மறைந்துவிடும். மீதியிருப்பது லென்ஸ் ஒன்றுதான். சின்னப் பொருளை நெருங்கி எடுக்கும்போது ஒரு பட்டை மட்டும் தெளிவாக விழுந்து முன்னும் பின்னும் மங்கிவிடும். அந்த மங்கலே ‘இது பொம்மை’ என்று சொல்லிவிடும். அசலான நகரத்தைக்கூட மேலும் கீழும் மங்கவைத்து எடுத்துப் பொம்மை ஊராகக் காட்டுகிறார்கள் என்றால் நம் கண் இந்தக் குறிப்புக்கு எவ்வளவு அடிமை என்று தெரியும். நண்பர் குவியத்தை நகர்த்தி நகர்த்திப் பல படங்கள் எடுத்து, தெளிவான பட்டைகளை ஒன்றாக அடுக்குகிறார். கேமராவைத் தண்டவாள மட்டத்தில், இரண்டு சென்டிமீட்டர் மனிதன் நின்றால் அவன் கண் இருக்கும் உயரத்தில் வைக்கிறார். பார்ப்பவனுக்குத் தன் உடம்பின் அளவு மறந்துபோகிறது.

இந்தக் கலைக்கு ஒரு மூதாதை உண்டு. ஜான் ஆலன் என்ற அமெரிக்கர். தொழிலால் புகைப்படக்காரர். கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் தம் வீட்டின் அடித்தளத்தில் அவர் கட்டிய ரயில் உலகத்தின் பெயர் கோரி அண்ட் டிஃபீடட். ரத்தக்களரியாகித் தோற்றது என்று காதில் விழும்படி வைத்த பெயர். தரையிலிருந்து கூரைவரை மலைகளும் பாலங்களும் ஏறிச் சென்றன. 1973 ஜனவரியில் அவர் இறந்தார். சில நாட்களில் வீட்டில் தீப்பிடித்துப் பெரும்பகுதி போயிற்று. இன்று அந்த உலகம் இருப்பது பெரும்பாலும் அவர் எடுத்த படங்களில். அந்தப் படங்களில் ஒன்றை நினைத்துக்கொள்கிறேன். யார்டில் பெட்டிகளை இடம் மாற்றித் தள்ளும் வேலையை ஒரு ஸ்டெகோசாரஸ் செய்கிறது. அதற்கு எஞ்சின் மாதிரியே எண்ணும் உண்டு, பெயரும் உண்டு. இவ்வளவு தத்ரூபமாக ஓர் உலகத்தைச் செய்தவர், அதன் நடுவில் ஒரு டைனோசரை நிறுத்தி, ‘நான் செய்தது இது’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். ஏமாற்றும் சக்தி இருந்தும் ஏமாற்ற மறுத்ததுதான் அவருடைய சிருஷ்டி.

இதற்கு மறுபக்கம் வின்ஸ்டன் லிங்க். 1955 முதல் 1960 வரை நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயின் கடைசி நீராவி எஞ்சின்களை இரவில், ஏராளமான ஃப்ளாஷ் பல்புகளைக் கம்பியால் இணைத்து, ஒரே சமயத்தில் எரியவிட்டு எடுத்தவர். சூரியன் தன் இஷ்டத்துக்கு வராது என்பதால் இரவை எடுத்துக்கொண்டார். 1956இல் எடுத்த அவருடைய பிரசித்தி பெற்ற படத்தில், கார்களில் உட்கார்ந்து பார்க்கும் திறந்தவெளிச் சினிமாவில் திரையில் ஒரு விமானம், பின்னால் ஓடும் ரயில். திரையிலுள்ள அந்த விமானம் பிற்பாடு அச்சறையில் சேர்த்தது. அவர் செய்தது அசல் ரயிலை மாதிரி ரயிலாக மாற்றியது. ஒவ்வொரு ஒளியும் ஒவ்வொரு ஆளும் அவர் வைத்த இடத்தில். ஆக, அசல்–மாதிரி என்ற பிரிவு நாம் நினைக்கிற இடத்தில் இல்லை. அது பொருளில் இல்லை, பார்வையில் இருக்கிறது.

வட்டத்தில் ஒருவர் மட்டும் மின்சாரத்தைத் தொடுவதில்லை. அவருடைய எஞ்சினில் நிஜமான பாய்லர், நிஜமான தண்ணீர், அடியில் எரியும் ஸ்பிரிட். அது 32 மில்லிமீட்டர் பாதையில் தோட்டத்தைச் சுற்றி ஓடுகிறது. உருவம் மட்டம். எந்த ரயில்வேயின் எந்த எஞ்சின் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. சிறிய சிலிண்டரில் ஆவி சீக்கிரம் குளிர்ந்து தண்ணீராகிவிடும். துப்பும், நிற்கும், விரலைச் சுடும். அவர் படங்களைப் பற்றி நோட்டுப் புத்தகத்தில் எப்போதும் ஒரே வரிதான்: ‘எதைப் போலவும் இல்லை.’ எனக்கு அது பாராட்டாகவே படும். உருவத்தில் நேர்மையாக இருந்து ஆவியில் பொய் சொல்வது ஒரு வழி. ஆவியில் நேர்மையாக இருந்து உருவத்தைக் கோட்டை விடுவது இன்னொன்று. நம் கதைகளிலும் இந்த இரண்டு வகை உண்டு. வட்டார வழக்கு, சாதிச் சடங்கு, சமையல் எல்லாம் கணக்காக இருந்து, உள்ளே ஈயம் வைத்துக் கனம் சேர்த்த கதைகளுக்கு விருதுகூடக் கிடைக்கிறது.

மூன்றாவது வகையும் உண்டு. இந்தியன் ரயில்வேயின் மாதிரிகள் கடையில் சுலபத்தில் கிடைப்பதில்லை. ஐரோப்பிய எஞ்சினை வாங்கி நம் நிறத்தைப் பூசி நம் எண்ணை எழுதிவிடுகிறார்கள். நம் அகலப்பாதை 87இல் ஒன்றானால் தண்டவாளங்களின் இடைவெளி 19.3 மில்லிமீட்டர் வர வேண்டும். கடைப் பாதை 16.5. அவர்களுடைய பாதையின் மேல் நம் வண்டி ஓடுகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. இதற்கு மேல் விளக்கினால் நம் புதுக்கவிதைக்காரர்களில் சிலர் என்னுடன் பேச மாட்டார்கள்.

நான்காவது படத்துக்குத் திரும்புகிறேன். ஏமாந்தது தெரிந்த பிறகு அதை வீட்டுத் திண்ணையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஆயா மிளகு காயவைத்துக்கொண்டிருந்தவர், வாங்கிப் பார்த்தார். ஊட்டி ரயிலை அவர் பார்த்ததில்லை. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “வண்டி போவுது சரி வாத்தியாரே, ஓட்றவன் எங்க?” என்றார்.

ஆறு படங்களையும் எடுத்துப் பரப்பினேன். ஒன்றில்கூட ஆளில்லை. நீலகிரி ரயிலில் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். எஞ்சின் விசிலுக்கு ஏற்ப அவர்கள் பிரேக்கைப் பிடித்தும் விட்டும்தான் வண்டி இறங்குகிறது. ஆணி எண்ணிக்கையைச் சரிபார்த்த நான்கு பேரும், நான் உட்பட, அந்த ஆட்கள் இல்லாததைப் பார்க்கவில்லை. அன்றிரவு நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பக்கம் எழுதினேன். சாரம் இது: இந்தப் படம் உழைப்பைத் துடைத்துவிட்டு எஞ்சினை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறது. கரி வாரிப் போட்டவன் இல்லாத நீராவி வெறும் ஏக்கம். ஏமாற்றுவதைத் தவிர இதற்கு வேறு சாதனை இல்லை. ஏமாற்றம் கலைந்ததும் படமும் முடிந்துவிடுகிறது. எழுதியதில் எனக்கு ஒரு திருப்தியும் இருந்தது. ஏமாந்தவனின் கோபம் அதில் எவ்வளவு என்று அப்போது நான் பிரித்துப் பார்க்கவில்லை.

உறை சுற்றி மறுபடி என்னிடம் வர நான்கு மாதம் ஆயிற்று. நண்பர் புதிய படம் ஒன்றும் வைக்கவில்லை. பழைய ஆறையும் எடுக்கவில்லை. எனக்குக் கீழே இவ்வளவு எழுதியிருந்தார்:

‘அப்பா ஃபயர்மேன். மலையில் அல்ல, சமவெளியில், மீட்டர்கேஜில். வலது முன்கை முழுக்கத் தழும்பு. ஒய்.பி. எஞ்சினைத்தான் முதலில் செய்யத் தொடங்கினேன், முடிக்கவில்லை. மலை எஞ்சின் என்றால் செய்ய முடிந்தது. 87இல் ஒன்றானால் அப்பா இரண்டு சென்டிமீட்டர். கடையில் வாங்கிய வெள்ளைக்காரப் பொம்மைக்கு நிறம் பூசி உள்ளே நிறுத்தினேன். ஒரு வாரம் இருந்தது. எடுத்துவிட்டேன்.’

இதைப் படித்ததும் என் இரண்டு பக்கங்களைக் கிழித்துவிட வேண்டும் என்று தோன்றியது. நோட்டுப் புத்தகத்தில் யாரும் பக்கம் கிழிப்பதில்லை. அதனால் யோசிக்க வேண்டியதாயிற்று.

படைப்பாளியின் வாழ்க்கையைக் கொண்டுவந்து படைப்பை மீட்கக் கூடாது என்பது நான் முப்பது வருஷமாகச் சொல்லிவருவது. நண்பரின் குறிப்பு படத்துக்கு வெளியே இருக்கிறது. நாளை இந்த நோட்டுப் புத்தகம் தொலைந்துபோகும், படம் மட்டும் எஞ்சும். அப்போது பார்க்கிறவனுக்கு அது கல்லாறுதான். இந்த வாதத்தை நான் இன்னும் விடவில்லை. ஆனால் குறிப்பு ஒன்றைச் செய்தது. என்னைப் படத்தின் முன் மறுபடி உட்காரவைத்தது. இந்த முறை புகையைப் பார்த்தேன். எஞ்சின் மேலே ஏறுகிறது. புகைபோக்கியிலிருந்து எழுவது மேலே போயிருக்க வேண்டும். படத்தில் அது வலப்பக்கமாக இறங்கி வந்து ஃபயர்மேன் நிற்கும் கூண்டின் ஜன்னலை மூடுகிறது. பஞ்சைப் பிய்த்து அந்த இடத்தில் வைத்திருக்கிறார். நாங்கள் எல்லோரும் சூழல் என்று மெச்சிய புகை, காலியான கூண்டை மூடிய துணி.

இது படத்துக்குள்ளேயே இருக்கிறது. யார் வாழ்க்கையையும் தெரிந்துகொள்ளாமல் நான் முதல் தடவையே பார்த்திருக்க வேண்டியது. ஆளில்லை என்று குற்றம் சாட்டினேனே ஒழிய, ஆளில்லாததை மறைக்க ஒரு கை இவ்வளவு பாடுபட்டிருக்கிறது என்பதைப் பார்க்கவில்லை. என் தீர்ப்பு தப்பில்லை, பார்வை அரைகுறை. விமர்சனத்தில் இரண்டாவதுதான் பெரிய குற்றம்.

இந்த மலையிலேயே அதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. கொல்லிப்பாவை அசையும், சிரிக்கும், மயங்கி நெருங்கியவனைக் கொல்லும் என்பது கதை. எட்டுக்கை அம்மன் கோயிலை இன்றும் அந்தப் பாவையின் கோயில் என்கிறார்கள். இந்தக் கதையின்படி பார்த்தால் பாவையின் வெற்றி அதை உயிரென்று நம்பவைப்பதில். ஆனால் குறுந்தொகையில் பரணர் பாட்டு ஒன்று, மலையின் மேற்குப் பக்கத்தில் அந்தப் பாவையைத் தெய்வம் எழுதியது என்கிறது. எழுதப்பட்டது என்பதை மறைக்காமலே அதன் அழகைச் சொல்ல அந்தக் கவிஞனுக்கு முடிந்திருக்கிறது. பெண்ணுக்கு அதை உவமையாக்கும்போதும் பாவை பாவையாகவே நிற்கிறது. நம்பவைத்துக் கொல்லும் பாவை ஒன்று. எழுதியது என்று தெரிந்தே நம்மை நிறுத்திவைக்கும் பாவை மற்றொன்று. நான்காவது படம் முதல் வகை.

இரண்டாவது வகை அதே உறையில் இருந்தது. ஆறாவது படம். வட்டத்தில் மூன்று பேர் அதை ‘கெட்டுப்போன படம், எடுத்துவிடவும்’ என்று எழுதியிருந்தார்கள். நான் அதைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை. வளைவில் ஒரு பெட்டி தடம் புரண்டு சாய்ந்திருக்கிறது. கேமராவின் தானியங்கி முந்திக்கொண்டுவிட்டது. மேலிருந்து ஒரு கை இறங்கி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகப் பெட்டியைப் பிடித்துத் தூக்குகிறது. கட்டைவிரல் நகம் பெட்டியின் ஜன்னல்களைவிடப் பெரியது. நகத்தின் ஓரத்தில் பித்தளைத் தூள். புகை இல்லை. எஞ்சினின் கூண்டு திறந்து கிடக்கிறது, உள்ளே யாருமில்லை. ஒன்றும் மறைக்கப்படவில்லை. இதைக் கல்லாறு என்று யாரும் ஏமாற மாட்டார்கள். வண்டி சின்னது என்று படம் ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்டதும் அந்தக் காலியான கூண்டு, அதில் நின்றிருக்க வேண்டிய ஆள் அளவுக்குப் பெரிதாகிவிடுகிறது. வேலை செய்கிற ஒரு கையும் படத்தில் இருக்கிறது. ஆயா கேட்ட கேள்விக்கு இது பதிலல்ல. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கவிடும் ஒரே படம் இதுதான்.

ஆயாவிடம் இதையும் காட்டினேன். “இவன்தானா?” என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

நம் வட்டமும் ஐவரைவிட அதிகம் பெரிதல்ல. நாம் எழுதுவதை நாமே படிக்கிறோம், நாமே மெச்சிக்கொள்கிறோம். நம்மிடம் வரும் எழுத்துகளில் நான்காவது படங்களை அச்சிடுகிறோம். ஆறாவது படங்களைக் கை தெரிகிறது என்று திருப்பி அனுப்புகிறோம். நான் அப்படித் திருப்பியனுப்பச் சொன்ன இரண்டு கைப்பிரதிகள் இப்போது எனக்கு நினைவு வருகின்றன. ஒன்றை எழுதியவர் பிறகு எழுதவே இல்லை.

உறை நாளை மலையிறங்குகிறது. நான்காவது படத்தைப் பற்றி நான் எழுதிய இரண்டு பக்கங்கள் அப்படியே இருக்கின்றன. அவற்றின் கீழே புகையைப் பற்றி ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். காய்ந்த சாமைக் கதிர் ஒரு பிடி வைத்திருக்கிறேன். ஆறாவது படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதியிருக்கிறேன்: இதை எடுத்துவிட வேண்டாம்.